பாதியில் எழுந்தவள்

நாள் பூரா நின்னே பொழைக்கிறவ நான். பஸ் கண்டக்டர். "உள்ள போங்க, உள்ள போங்க"ன்னு கத்திக் கத்தி என் தொண்டை தகர டப்பா மாதிரி ஆயிடுச்சு. ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஒரு வேளையாவது இன்னொருத்தர் ஆக்கிப் போட, நான் உட்கார்ந்து சாப்பிடணும்னு ஆசைப்பட்டேன். தப்பா? அந்த ஆசைதான் என்னை இங்க கொண்டாந்து நிறுத்தி வெச்சிருக்கு.

கடைவீதி நடுவுல இருக்கிற இந்த ஹோட்டலைத் தெரியாதவங்க ஊர்ல கிடையாது. பெருசா ஒண்ணும் இருக்காது. சூடா சூப்பு, ரொட்டி, மசிச்ச உருளைக்கிழங்கு, குழைய வெந்த கோழி. காய்ச்சல்ல கிடந்து எழுந்தவங்களுக்கு வீட்டுல குடுப்பாங்களே, அந்த மாதிரி சாப்பாடு. ஆனா கூட்டம் அள்ளும். டோக்கன், வரிசை எதுவும் கிடையாது. சாப்பிடுறவங்க நாற்காலிக்குப் பின்னாடி போய் நின்னுக்கணும், அவங்க எழுந்ததும் உட்காரணும், அதான் இங்க முறை. நாம மெல்லுறதை ஒருத்தர் பின்னாடி நின்னு பார்த்துக்கிட்டே இருப்பாங்க. முதல்ல கூச்சமா இருக்கும், அப்புறம் பழகிடும்.

கை கழுவுற குழாய்க்கு மேல ஒரு போர்டு உண்டு. "பாதியில் எழுந்து சென்றால் இடத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல." எங்க வீட்டுக்காரர் பிளம்பர். குழாயைப் பார்க்கப் போய் அந்த போர்டைப் படிச்சுட்டு விழுந்து விழுந்து சிரிச்சார். "செருப்பு காணாமப் போனா பொறுப்பில்லம்பாங்க, சரி. இடம் எப்படிடி காணாமப் போகும்?" நானும் சிரிச்சேன். எங்க பொண்ணு வாலு, ஏன் சிரிக்கிறோம்னு தெரியாமலே எங்களைவிட சத்தமா சிரிச்சா. வாலுங்கிறது நான் வெச்ச பேரு. ஒரு இடத்துல கால் தரிக்காது அவளுக்கு.

அன்னைக்கு எனக்குப் பின்னாடி ஒருத்தி வந்து நின்னா. என் வயசுதான் இருக்கும். நாற்காலி முதுகைப் பிடிச்சுக்கிட்டு, மூச்சு என் பிடரியில படுற மாதிரி நிக்கிறா. எனக்கு மூக்குக்கு மேல கோபம்.

"ஏம்மா, நிக்கிறதுதான் நிக்கிற, என் கழுத்து மேலயா நிப்ப? கொஞ்சம் தள்ளி நில்லேன்!"

அவ நகரல. "உங்க பொண்ணு நல்லா சாப்பிடுறா"ன்னா. பசியோட சொன்னா. சாப்பாட்டுப் பசி இல்லைன்னு எனக்கு அப்பப் புரியல.

அந்த நேரம் பார்த்து வாலு சட்டைக் கையில சூப்பைக் கொட்டிக்கிட்டா. "சனியனே, புதுச் சட்டைடி!"ன்னு ஒரு அதட்டல் போட்டுட்டு, கைக்குட்டையை நனைச்சுட்டு வரலாம்னு எழுந்தேன். தட்டுல பாதி ரொட்டி அப்படியே இருந்துச்சு. குழாய் நாலு எட்டுதான். நனைச்சேன், பிழிஞ்சேன், திரும்பினேன்.

அவ என் நாற்காலியில உட்கார்ந்து என் ரொட்டியைத் தின்னுக்கிட்டிருந்தா. வாலு அவ தோள்ல சாஞ்சுக்கிட்டு, "அம்மா, இன்னும் கொஞ்சம் சூப்பு"ங்கிறா. எங்க வீட்டுக்காரர் தண்ணி டம்ளரை அவ பக்கம் நகர்த்தி வைக்கிறார்.

"ஏய், எழுந்திருடி!"ன்னு கத்தினேன். ரெண்டு ஸ்டாப் தள்ளி ஓடி வர்றவனைக் கூப்பிடுற குரல் என் குரல். எங்க வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். என்னைத் தெரிஞ்ச சாயலே அந்த முகத்துல இல்லை. மரியாதையாத்தான் சொன்னார்: "கொஞ்சம் பொறுத்துக்கோங்க. இதோ முடிச்சிடுறோம்."

என்கிட்ட அவர் 'ங்க' போட்டுப் பேசினதே கிடையாது.

சர்வர் ஓடி வந்தார். "சத்தம் போடாதீங்க தங்கச்சி. போர்டு இருக்குல்ல?"ன்னார். அவங்க மூணு பேரும் சாப்பிட்டு முடிச்சு எழுந்து போனாங்க. நான் விழுந்தடிச்சு பின்னாடியே ஓடினேன். கதவைத் தள்ளித் தெருவுல கால் வெச்சா, சூப்பு வாசனை அடிக்குது. நிமிர்ந்து பார்த்தா எனக்கு முன்னாடி ஒரு நாற்காலி, யாரோ ஒருத்தரோட பிடரி. மறுபடியும் ஓடினேன், மறுபடியும் தள்ளினேன். எந்தப் பக்கமாப் போனாலும் ஏதாவது ஒரு நாற்காலிக்குப் பின்னாடிதான் வந்து நிக்கிறேன்.

நான் செத்துட்டேன்னு நினைச்சுடாதீங்க. கால் கடுக்குது, பசிக்குது, கோபம் கோபமா வருது. செத்தவளுக்கு எதுக்குக் கால் கடுக்கணும்?

எனக்குப் பக்கத்துல தொப்பிக்காரர்னு ஒருத்தர் நின்னுக்கிட்டிருந்தார். அவர்தான் முறையைச் சொன்னார். சாப்பிட்டு முடிச்சு எழுந்தா ஒண்ணுமில்லையாம். பாதியில எழுந்தாத்தான், யார் வேணா அந்த இடத்துல உட்காரலாமாம். இடம்னா நாற்காலி மட்டும் இல்லை, அவங்களுக்கு இருக்கிற எல்லாமும்தான்னார். ஒருநாள் ஒரு புது மாப்பிள்ளை பாதிச் சாப்பாட்டுல போன் பேச எழுந்தான். தொப்பிக்காரர் தொப்பியைக் கழட்டி என் கையில குடுத்துட்டு உட்கார்ந்துட்டார். மாப்பிள்ளையோட வந்த புதுப் பொண்ணு சிரிச்சுக்கிட்டே அவர் தட்டுல கோழியை எடுத்து வெச்சா. போன்ல பேசிக்கிட்டே வந்த பையன் இன்னும் அந்தத் தூண் பக்கத்துலதான் நிக்கிறான்.

சர்வரும் என்கிட்ட சொல்லிப் பார்த்துட்டார். "அங்க ஒரு இடம் காலி தங்கச்சி, நல்ல குடும்பம்." யாரோ வீட்டுல போய் நான் யாருக்கு அம்மாவா இருக்கிறது? எனக்கு என் வாலுதான் வேணும். வேற எதுவும் வேணாம்.

ஞாயித்துக்கிழமையானா அவங்க வருவாங்க. நான் போய் அவ நாற்காலிக்குப் பின்னாடி நின்னுக்குவேன். கல்லுளிமங்கி, அவ அசைய மாட்டா. தும்மல் வந்தாக்கூட உட்கார்ந்த இடத்துலயே தும்முவா. வாலு எதையாவது கொட்டினா துடைக்க, வீட்டுலயே துணியை நனைச்சுப் பையில போட்டுக்கிட்டு வர்றா. அவளைப் பார்த்தா எனக்கு வயிறு எரியும். ஆனா பொய் சொல்லக் கூடாது, பாவி, என் பொண்ணுக்குத் தலையை அழகாத்தான் பின்னி விடுறா. நான் பின்னினா கோணலாத்தான் இருக்கும்.

வாலு வளர்ந்துட்டா. இன்னைக்கு வந்து உட்கார்ந்தப்ப கால் தரையைத் தொட்டுச்சு.

பாதி சாப்பாட்டுல கை முழுக்கப் பிசுபிசுப்பு அவளுக்கு. என் இடத்துல உட்கார்ந்திருக்கிறவ பையிலேர்ந்து துணியை எடுத்து, "இந்தா, இதுல துடை"ன்னு நீட்டினா. "நான் என்ன சின்னப் புள்ளையா?"ன்னுட்டு, தடுக்கிறதுக்குள்ள வாலு எழுந்து குழாய்ப் பக்கம் ஓடிட்டா. அப்படியே என் பிடிவாதம்.

நாற்காலி காலியாக் கிடந்துச்சு. தூண்கிட்ட இருந்த பையன் நகர்ந்தான். சுவத்தோரம் நின்னவங்க எல்லாம் நகர்ந்தாங்க. எங்க வீட்டுக்காரர் குனிஞ்சு எலும்பை உறிஞ்சிக்கிட்டிருக்கார், அவருக்கு ஒண்ணும் தெரியல. அவளுக்குத் தெரியும். பாதி எழுந்தவ, பின்னாடி நான் நிக்கிறது ஞாபகம் வந்து அப்படியே உட்கார்ந்தா. அன்னைக்கப்புறம் முதல் தடவையா என் முகத்தைப் பார்த்தா. வெளுத்துப் போயிருந்தா.

"அக்கா, அவ வர்ற வரைக்கும் இடத்தைப் பிடிச்சுக்கோங்க"ன்னா.

நான் சும்மா நின்னாப் போதும். வேற யாராவது உட்கார்ந்துடுவாங்க. கை ஈரத்தோட வாலு திரும்பி வந்து கத்துவா, யாரும் கேக்க மாட்டாங்க. அப்புறம் கதவைத் தள்ளிப் பார்ப்பா, தள்ளிப் பார்ப்பா, கடைசியில என் பக்கத்துலதான் வந்து நிப்பா. என்னைப் பார்ப்பா. என் கையைப் பிடிச்சுக்குவா. எனக்கு அவ வேணும், ஐயோ, எனக்கு அவ அவ்வளவு வேணும்.

பையன் கை நாற்காலி மேல பட்டுடுச்சு.

நான் அவனை இடிச்சுத் தள்ளிட்டு நாற்காலி முதுகை ரெண்டு கையாலயும் பிடிச்சேன். இருந்த தொண்டையெல்லாம் திறந்து கத்தினேன்: "ஆள் இருக்கு! தள்ளி நில்லுங்க! இங்க ஆள் இருக்கு!"

ஹோட்டலே திரும்பிப் பார்த்துச்சு. வாலு ஓடி வந்தா. நாற்காலியை இழுக்கிறப்ப அவ ஈரக் கை என் விரல் மேல பட்டுச்சு, சில்லுன்னு இருந்துச்சு. உட்கார்ந்து, பாதி ரொட்டியைக் கையில எடுத்துக்கிட்டு, அண்ணாந்து என்னைப் பார்த்தா.

"தேங்க்ஸ் ஆன்ட்டி"ன்னா.

"பரவால்லம்மா. முழுசா சாப்பிட்டுட்டு எழுந்திரு"ன்னேன்.