அரபு, பத்து வருஷம்

"பத்து வருஷம்னு எழுதுனது நீங்கதான, அப்புறம் இன்னா..."

"பொய்யா எழுதுனேன்? அஞ்சு வயசுல சேர்த்தோம், பதினஞ்சு வரைக்கும்..."

"மதரஸாவுல சேர்த்தது குர்ஆன் ஓதறதுக்குங்க! பேசறதுக்கா சேர்த்தோம்?"

"அரபு அரபுதான்! ஓதுனா இன்னா, பேசுனா இன்னா?"

மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெருவில், வெள்ளைக்காரர்களுக்கான தொப்பியும் பருத்திச் சட்டையும் தொங்கும் கடைக்குள் ஷஃபியுல்லாவும் அக்தர் பேகமும் ஒருவர் பேச்சின் மேல் ஒருவர் ஏறிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஸ்டூலில் மகள் ஆயத். மடியில் லேப்டாப். அதில் அமெரிக்கக் கல்லூரி ஒன்றிலிருந்து வந்த கடிதம்.

"கத்தாதீங்க ரெண்டு பேரும். திரும்பப் படிக்கிறேன், கேளுங்க" என்றாள் ஆயத். படித்துத் தமிழில் சொன்னாள். "நீங்கள் பத்து ஆண்டுகள் அரபு கற்றிருப்பது எங்களுக்கு மகிழ்ச்சி. நாளை நடக்கும் நேர்காணலில் எங்கள் அரபுத் துறைப் பேராசிரியரும் கலந்துகொள்வார். சில நிமிடங்கள் அந்த மொழியிலேயே உரையாடுவார்."

"பாரு, மகிழ்ச்சின்னுதான எழுதிகீறாங்க" என்றார் ஷஃபியுல்லா.

"நாளைக்கு சாயங்காலம் தெரியும் மகிழ்ச்சி" என்றாள் அக்தர் பேகம்.

அந்தக் கல்லூரியில் கடற்கரைப் பொறியியல் படிக்க ஆயத் விண்ணப்பித்திருந்தாள். கடல் உள்ளே வர வர, அத்தாவின் கடை மூன்று முறை இடம் மாறியதைப் பார்த்து வளர்ந்தவள். கணக்கிலும் இயற்பியலிலும் அவளுக்குக் குறையில்லை. செலவு முழுக்கக் கல்லூரியே ஏற்கும் இடங்களில் ஒன்றுக்கு அவள் பெயர் கடைசிப் பட்டியல் வரை வந்துவிட்டது. ஒரே ஒரு நிபந்தனை. பள்ளிக் காலத்தில் குறைந்தது மூன்று வருடமாவது வேற்று மொழி ஒன்று படித்திருக்க வேண்டும். அது இல்லாதவர்களின் விண்ணப்பத்தை அவர்கள் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை.

"அத்தா, இத எப்போ எழுதுனீங்க?"

"பொத்தேரில, கலையரசன் ஆபீஸ்ல. நீ போட்டோ எடுக்கப் போனியே, அப்போ. பாஷைக் கட்டம் காலியா கீதுன்னான். எம் பொண்ணு காலியா வுடற ஆளா?"

"அனுப்பறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவ பாத்திருக்கணும்" என்று தனக்கே சொல்லிக்கொண்டு, வெளிநாட்டுப் படிப்புக்கு ஆலோசனை சொல்லும் அந்தக் கலையரசனைப் போனில் பிடித்து ஒலிபெருக்கியில் போட்டாள் ஆயத்.

"இன்னா சார் பிரச்சனை? நேரா சொல்லு."

"அரபில பேசுவாங்களாம்" என்றார் ஷஃபியுல்லா.

"பேசட்டுமே. பேசத் தெரியுமில்ல?"

"ஓதத் தெரியும்."

"அய்யய்யோ. நான் பிரெஞ்சுன்னு நாலு பேருக்குப் போட்டேன், ஒருத்தரையும் கேக்கல. உங்களுக்குன்னு பாத்து..."

"தமிழ்னு எழுதியிருக்கலாமே அண்ணா" என்றாள் ஆயத்.

"அது வூட்டு பாஷைம்மா. அதெல்லாம் செல்லாது."

"செல்லாதுன்னு எங்க போட்டிருக்கு?"

"எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்மா அது" என்று கலையரசன் போனை வைத்துவிட்டான்.

ஷஃபியுல்லா தளரவில்லை. அடுத்து சவூதியின் தம்மாமில் பதினெட்டு வருடமாக லாரி ஓட்டும் மைத்துனன் ஹுசைனை வீடியோவில் அழைத்தார்.

"மச்சான்! புள்ளைக்கு நாளைக்குள்ள அரபு சொல்லிக் குடு."

"இன்னாது, நாளைக்குள்ளயா? இரு மச்சான், வண்டிய ஓரம் கட்டறேன்." ஹுசைன் தொண்டையைச் செருமினார். "கேட்டுக்க ஆயத். தால்னா வா. ரூன்னா போ. கம்னா எவ்ளோ. புக்ரான்னா நாளைக்கு. மாஃபி முஷ்கிலான்னா ஒண்ணும் பேஜாரு இல்ல."

"அப்புறம் மாமா?"

"அப்புறம் இன்னா, அவ்ளோதான். இத வெச்சுதான் பதினெட்டு வருஷம் ஓட்டிகினு கீறேன்."

"கடலரிப்பப் பத்தி கேட்டா?"

"மாஃபி முஷ்கிலான்னு சொல்லு."

அக்தர் பேகத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த கையோடு கணவரைப் பார்த்து முறைத்தாள். "உங்க பெருமைக்குப் புள்ளைய சந்தியில நிறுத்தறீங்க. வேணாம்னு எழுதிப் போட்டுடு ஆயத். பொத்தேரி காலேஜு கைக்கெட்டற தூரத்துல கீது, பஸ்லயே போய் வரலாம்."

"எதுக்கு வேணாம்னு எழுதணும்?" ஷஃபியுல்லா குரலைத் தாழ்த்தினார். "அவர் கேட்டா நீ ஏதாவது ஓது. நல்லா நீட்டி ஓது. மதரஸாவுல உன்னைவிட யாரு..."

"இன்னா பேச்சு பேசறீங்க! அல்லாவோட கலாமை எடுத்து வித்தை காட்டச் சொல்றீங்களா?"

"வித்தையா? நான் எங்க..."

"ஓத மாட்டேன் அத்தா" என்றாள் ஆயத். "வேணாம்னும் எழுத மாட்டேன்மா. போய் உக்காந்து நடந்ததச் சொல்லப் போறேன். அத்தா, நீங்க மட்டும் கேமராவுல தெரியாம ஓரமா இருங்க."

"நான் வாயத் தொறக்கல" என்றார் ஷஃபியுல்லா. கடைத்தெருவில் அதை நம்ப ஒருவரும் இல்லை.

மறுநாள் மக்ரிப் தொழுகை முடிந்து ஏழு மணிக்குக் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கினார்கள். ஆயத்தின் முதுகுக்குப் பின்னால் தொங்கிய நீச்சல் உடைகளை அக்தர் பேகம் அவசரமாகக் கழற்றி, தன் துப்பட்டா ஒன்றைக் கட்டி மறைத்தாள். ஷஃபியுல்லா தொப்பி அடுக்குக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார்.

திரையில் இரண்டு முகங்கள். சேர்க்கை அதிகாரி மார்கரெட், நரைத்த தாடியுடன் அரபுப் பேராசிரியர். பேராசிரியர் சிரித்த முகமாக அரபில் நீளமாக ஏதோ கேட்டார்.

ஆயத் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். "ஐயா, நீங்கள் சொன்ன சலாம் புரிந்தது. மற்றது ஒன்றும் புரியவில்லை. எனக்கு அரபு பேசத் தெரியாது."

தொப்பி அடுக்கு ஆடியது.

"பத்து வருடம் என்று இருக்கிறதே?" என்றார் மார்கரெட்.

"பத்து வருடம் போனது உண்மை. காலையில் பள்ளிக்கு முன்னால் ஒரு மணி நேரம். வேதத்தைப் பிழையில்லாமல் ஓதக் கற்றேன். எங்கே நீட்ட வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும். ஒன்பது வயதில் முழுவதும் ஓதி முடித்தேன், எங்கள் தெருவுக்கே நார்சா என்று இனிப்பு கொடுத்தார்கள். அர்த்தத்தைத் தமிழில் படித்துத் தெரிந்துகொண்டேன்."

பேராசிரியர் பக்கத்திலிருந்த செய்தித்தாளை எடுத்துக் கேமராவுக்கு நேரே பிடித்தார். "இதைப் படிக்க முடியுமா?"

ஆயத் முன்னால் குனிந்து பார்த்தாள். "முடியாது. மேலேயும் கீழேயும் குறிகள் இல்லை. நாங்கள் படித்த எழுத்தில் ஜபர், ஜேர், பேஷ் எல்லாம் இருக்கும். அவை இருந்தால் ஒலிப்பேன். இதில் எப்படி ஒலிப்பது என்றுகூடத் தெரியாது."

"சரியாகத்தான் சொல்கிறாய்" என்றார் பேராசிரியர். அவர் முகத்தில் கோபம் இல்லை.

மார்கரெட் எதையோ குறித்துக்கொண்டார். "அப்படியானால் அந்தக் கட்டத்தில் நான் பூஜ்ஜியம் என்று போட வேண்டும். மூன்று வருடம் இல்லாமல் உன்னை மேலே அனுப்ப எனக்கு அதிகாரம் இல்லை."

"பூஜ்ஜியம் வேண்டாம். தமிழ் என்று போடுங்கள், பன்னிரண்டு வருடம். நேற்று உங்கள் விதியை முழுக்கப் படித்தேன். பள்ளியில் பாடம் நடத்திய மொழி தவிர வேறொரு மொழி என்றுதான் இருக்கிறது. செங்கல்பட்டுப் பள்ளியில் எனக்கு எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில் நடந்தது. தமிழை மட்டும் தனிப் பாடமாக, தேர்வு எழுதி, மதிப்பெண் வாங்கிப் படித்தேன். சான்றிதழ்களை இன்று காலையே அனுப்பிவிட்டேன். வீட்டில் பேசுவதாலே அது பாடம் இல்லை என்று ஆகிவிடாதே?"

மார்கரெட் தன் திரையில் எதையோ தேடிப் படித்தார். நேரம் போனது. அக்தர் பேகத்தின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

"விதி நீ சொன்னபடிதான் இருக்கிறது" என்றார் மார்கரெட் கடைசியில். "ஆனால் முதலில் எழுதியது தவறு என்று ஆகிவிட்டது. இனி சான்றிதழ் மட்டும் போதாது. மொழியை நேரில் சோதிக்க வேண்டும். எங்களிடம் தமிழ் தெரிந்தவர் இல்லை."

"உன் பக்கம் யாரோ இருக்கிறார்கள் போலிருக்கிறதே" என்றார் பேராசிரியர். "ஒரு தொப்பி உருண்டு வந்ததே."

ஆயத் திரும்பிப் பார்த்தாள். "என் தந்தை."

"ஆங்கிலம் தெரியுமா அவருக்கு?"

"சட்டை விற்கும் அளவுக்கு."

மார்கரெட் யோசித்தார். "அப்படியானால் அவர் தமிழில் பேசட்டும், எங்களுக்கு என்ன சொல்ல விரும்புகிறாரோ அதை. நீ ஆங்கிலத்தில் சொல். இதெல்லாம் பதிவாகிறது. தமிழ் தெரிந்த ஒருவரிடம் பிறகு காட்டி, நீ விட்டதையும் கூட்டியதையும் பார்ப்போம். இன்றைக்கு இதுதான் உன் தேர்வு."

ஆயத் தமிழில் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் ஷஃபியுல்லா தொப்பி அடுக்கைத் தாண்டி வந்துவிட்டார். மகளுக்குப் பக்கத்தில் நின்று, திரைக்கு சலாம் வைத்தார். தெருவில் போகும் பிரெஞ்சுக்காரனையும் ருஷ்யாக்காரனையும் அவனவன் மொழியிலேயே கூவி அழைக்கும் மனிதருக்கு, சொந்த மொழியில் முதல் வார்த்தை வரத் தாமதமானது.

"மேடம், அத எழுதுனது நானு. அவளுக்குத் தெரியாது. அவ பேர்லயும் தப்பு இல்ல, பொத்தேரிக்காரன் மேலயும் தப்பு இல்ல."

ஆயத் ஆங்கிலத்தில் சொன்னாள். பொத்தேரிக்காரனையும் விடவில்லை.

"நான் பொய் எழுதல. தெரியாமத்தான் எழுதுனேன். நான் பாதி ஓதறப்பவே எங்க அத்தா என்னைக் கடைக்கு இட்டுகினு வந்துட்டாரு. எனக்கு அர்த்தம் தெரியாததுக்கு அதுதான் காரணம்னு நெனச்சுகினு இருந்தேன். முழுசா முடிச்சவங்களுக்குத் தானாத் தெரிஞ்சுடும்னு நெனச்சேன். தெனம் காலைல இவ ஓதறப்போ பக்கத்துல நிப்பேன், எம் பொண்ணுக்கு எல்லாம் புரியுதுன்னு."

அக்தர் பேகம் கணவரை நிமிர்ந்து பார்த்தாள். இருபது வருடக் குடும்பத்தில் அவள் கேட்டிராத விஷயம்.

ஆயத் வாயைத் திறந்தாள். முதல் வாக்கியம் வந்தது. இரண்டாவதில் நின்றுவிட்டாள். திரையில் இருவரும் காத்திருந்தார்கள்.

ஷஃபியுல்லா அவள் தோளில் கை வைத்தார்.

"எனக்கு வெக்கமா இருக்கும்னு மழுப்பாத ஆயத். நான் சொன்னது அத்தனையும் சொல்லு."