ஆதிஃப் பேச எழுந்தான்

ஆதிஃபுக்குத் திக்குவாய். ஈஸ்ட் பிரன்ஸ்விக் வீட்டில் அவன் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டால் உம்மா பத்ருன்னிசா அதை எடுத்துக்கொடுப்பாள். வாப்பா அப்துல் ரஹீம் வாக்கியத்தையே முடித்துவிடுவார். எல்லாம் பிரியத்தில்தான். ஆனால் கல்லூரிக்குப் போன பிறகும், பீட்சாவுக்கு ஃபோன் பண்ண அவனுக்குத் தங்கை ரிதா வேண்டியிருந்தது.

1997இல், இரண்டாம் வருடத் தொடக்கத்தில், மாணவர்கள் ஒரே வீட்டில் அண்ணன் தம்பிகளாகச் சேர்ந்து வாழும் ஃபிரெட்டர்னிட்டி ஒன்றில் சேரப்போவதாகச் சொன்னான். வாப்பா கொதித்துப்போனார். குடிகாரக் கூட்டம் என்றார். தான் குடிக்கமாட்டேன் என்று அவர்களிடம் முதல் நாளே சொல்லிவிட்டதாக ஆதிஃப் திக்கித் திக்கிச் சொன்னான். பின்னே அங்கே என்ன வேலை என்று கேட்டார்.

"புதுசா சேர்றவங்க ஒவ்வொரு சண்டே டின்னர்லயும் எழுந்து நின்னு பேசணும் வாப்பா. அது ரூல். எ... எனக்கு அதான் வேணும்."

சேரலாம், ஆனால் இந்த வருடம் வீட்டிலிருந்துதான் போய்வர வேண்டும் என்றார் வாப்பா. முதல் ஞாயிறு, சொந்தப் பெயரையே தாண்ட முடியவில்லை. மேசையைச் சுற்றியிருந்தவர்கள் சிரிக்கவில்லை, எடுத்துக்கொடுக்கவும் இல்லை. சாப்பாடு ஆறட்டும் என்று காத்திருந்தார்கள். உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. ஊரையும் படிப்பையும் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தான்.

குளிர்காலத்தில் ஏழைகளுக்காக உணவு திரட்டினார்கள். கடைகளுக்கு ஃபோன் செய்யும் வேலையை ஆதிஃப் கேட்டு வாங்கிக்கொண்டான். லைன் கெட்டுவிட்டது என்று நினைத்துச் சிலர் வைத்துவிட்டார்கள். மறுபடியும் அழைத்தான்.

வசந்தத்தில் பெற்றோர் தினம். வரவேற்புரை அவனுடையது. வாப்பா அரை மனதோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். 'வெல்கம்' என்பதிலேயே நாக்கு ஒட்டிக்கொண்டது. வாப்பாவின் உதடுகள் அந்தச் சொல்லுக்குத் தயாராயின. பக்கத்திலிருந்த டேனி என்ற ஃபிரெட்டர்னிட்டிப் பையன் அவர் கையை மெல்லத் தொட்டான்.

"ஹி'ல் கெட் தேர், சார்."

அவனே சொல்லி முடிப்பான் என்று டேனி சொன்னபடியே நடந்தது. நடுவில் பலமுறை திக்கினாலும், ஆதிஃப் கடைசி வரி வரை பேசினான்.

திரும்பும்போது வாப்பா ஆதிஃபையும் காரில் கூட்டிப்போனார். ஹைவேயில் ஏறியதும், "நாங்க ஹெல்ப் பண்றதா நெனச்சுட்டோம்டா," என்றார். அடுத்த வருடம் அவன் ஃபிரெட்டர்னிட்டி வீட்டிலேயே தங்கச் சம்மதித்தார்.

அந்த வருடம் ஆதிஃப் ஃபிரெட்டர்னிட்டியின் தலைவர் தேர்தலில் நின்றான். டேனியிடம் தோற்றான். வீட்டுக்கு அவனே ஃபோன் செய்து, தோற்றதை உம்மாவிடம் சொன்னான். அடுத்த தேர்தலிலும் நிற்கப்போவதைச் சொல்லிவிட்டுத்தான் ஃபோனை வைத்தான்.