ஆறாவது கட்டில்

பன்னிரண்டாயிரம் என்று அடித்தான். அழித்தான். எட்டாயிரம் என்று அடித்துவிட்டு எழுந்து போய் ஜன்னலைத் திறந்தான். வெயில் மேசைமேல் விழுந்தது. மூடினான். மறுபடி உட்கார்ந்தபோது எட்டாயிரமும் பிடிக்கவில்லை.

நோயாளிகளின் வீடுகளுக்குக் கட்டில், சக்கர நாற்காலி எல்லாம் இரவல் கொடுக்கும் அறக்கட்டளை அது. பதினாறு பக்கத்தில் ஒரு கையேடு வடிவமைத்துத் தர வேண்டும். மூன்று மணிக்கு அவர்களுக்குக் கூட்டம். அதற்குள் தொகையைச் சொல்ல வேண்டும்.

விலை சொல்வது அவன் வேலையாக இருந்ததே இல்லை. மனைவிதான் சொல்வாள். அவன் இந்த அறையில் எழுத்துருக்களை நோண்டிக்கொண்டிருப்பான். அவள் போனில் தொகையைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வாள். "நீ பேசினா 'எட்டாயிரம்ங்க'ன்னு இழுப்ப. அந்த 'ங்க'வுக்கே மூவாயிரம் குறைச்சிடுவாங்க" என்பாள்.

அவள் போய் ஏழு மாதம். கடைசி மூன்று மாதம் படுத்திருந்தது இந்த அறக்கட்டளையின் கட்டிலில்தான். கைப்பிடியைச் சுற்றினால் தலைப்பக்கம் உயரும். கட்டில் இன்னும் அடுத்த அறையில்தான் இருந்தது. வண்டி அனுப்பட்டுமா என்று இரண்டு முறை கேட்டார்கள். அடுத்த வாரம் என்றான், இரண்டு முறையும். அப்புறம் கேட்கவில்லை.

போன் அடித்தது. அறக்கட்டளை அலுவலகத்து அக்கா.

"என்ன தம்பி, முடிவு பண்ணிட்டீங்களா?"

"காசு வேண்டாம்க்கா. சும்மாவே பண்ணித் தரேன்."

"ஐயோ சாமி, வேண்டாம்! போன தடவ ஒருத்தர் சும்மா பண்ணிக் குடுத்தாரு. போன் நம்பர் தப்பு. சும்மா செஞ்சவர்கிட்ட எப்படித் திருத்தச் சொல்றது? ஒரு வருஷம் யாரோ தையல்காரருக்கே போன் போச்சு. பாவம், கடைசியில அவரே எங்க நம்பர விசாரிச்சு வச்சுக்கிட்டு எல்லாருக்கும் சொன்னாரு."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போயிற்று.

"ஒரு தொகை சொல்லுங்க தம்பி. கட்டுப்படி ஆகலன்னா நானே குறைக்கச் சொல்றேன்."

"கொஞ்ச நேரத்துல சொல்றேன்க்கா."

பக்கங்களை எண்ணிப் பார்க்க, அக்கா அனுப்பியிருந்த கோப்பைத் திறந்தான். ஒன்பதாம் பக்கத்தில் ஓர் அட்டவணை. மாதிரிக்கு இந்த மாதப் பட்டியலையே ஒட்டியிருந்தாள். கட்டில்: மொத்தம் ஆறு. வெளியே ஆறு. காத்திருப்போர் மூன்று. கீழே, எடுத்துப்போன தேதிகள். ஐந்தும் சமீபத்தியவை. ஆறாவது பத்து மாதத்துக்கு முந்தையது. பெயர் இல்லை. தேதி போதும்.

சும்மா செய்கிறேன் என்று எதற்குச் சொன்னான் என்று அப்போது உறைத்தது. கையேட்டைச் சும்மா செய்து கொடுத்துவிட்டால் கட்டிலை யாரும் கேட்க மாட்டார்கள்.

எழுந்து அடுத்த அறைக்குப் போனான். வெளியே வந்தான். மறுபடி போனான். தலைப்பக்கம் அவளுக்கு மூச்சு எளிதாக வந்த அந்த உயரத்திலேயே நின்றிருந்தது. அங்கே நின்றபடியே அக்காவின் எண்ணை அழுத்தினான்.

"பன்னிரண்டாயிரம்" என்றான். வாயை மூடிக்கொண்டான்.

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம்.

"சரி தம்பி. கூட்டத்துல சொல்லிடறேன்."

அக்கா போனை வைக்கவில்லை. அவனும் வைக்கவில்லை. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு குனிந்து கைப்பிடியைப் பிடித்தான். துருப்பிடித்திருந்தது. அழுத்தித் திருப்பினான்.

"என்ன தம்பி அது, கிறீச்சுனு?"

"கட்டில்தான்க்கா. வண்டி அனுப்புங்க." ஒவ்வொரு சுற்றுக்கும் தலைப்பக்கம் ஒரு விரற்கடை இறங்கியது. மெத்தையின் நடுவில் விழுந்திருந்த மடிப்பு மட்டும் அப்படியே இருந்தது.