சந்தனம் பூசிய வால்வு

கடலை ஆள்பவனே உலகை ஆள்கிறான். இந்த மாபெரும் உண்மையை ஆதிகேசவன் பழவேற்காடு ஏரியில், முழங்கால் ஆழத்தில் வைத்துச் சொன்னார். அவருடைய பாய்மரப் படகு சேற்றில் தட்டி நின்றிருந்தது. இறங்கித் தள்ள வேண்டும். தள்ளியது அவரல்ல.

படகின் பெயர் 'சமுத்திர ராணி'. ஊரைக் காலி செய்த டென்மார்க் எஞ்சினியர் ஒருவர், 1978-இல் ஆதிகேசவன் தலையில் கட்டிவிட்டுப் போன ஃபைபர்கிளாஸ் படகு. ராணிக்கு அப்போதே வயது பதினைந்து. கும்மிடிப்பூண்டியில் பித்தளை வால்வு செய்யும் முதலாளிக்குப் படகு எதற்கு? பம்பாயில் கப்பல் கட்டும் கம்பெனி ஒன்றிலிருந்து கொள்முதல் அதிகாரி ஞாயிற்றுக்கிழமை வருகிறார். அவரைப் பாய் விரித்து அழைத்துப் போய், கப்பல் வால்வு ஆர்டரை வாங்கிவிட வேண்டும். ஆர்டர் வராவிட்டால் பட்டறையில் பாதி லேத்தைத் துணி போட்டு மூட வேண்டியதுதான்.

இடைஞ்சல் ராணியின் கக்கூஸில் இருந்தது. போனதெல்லாம் படகின் அடியில் உள்ள ஓர் ஓட்டை வழியாகத் தண்ணீருக்குப் போகும். போனது திரும்பி வராமலும், தண்ணீர் உள்ளே ஏறாமலும் பார்த்துக்கொள்ள அந்த ஓட்டையின் மேல் ஒரு வால்வு. அது இறுகிப்போய்க் கிடந்தது. திறக்கவும் இல்லை, மூடவும் இல்லை. கசிவது மட்டும் நிற்கவில்லை.

படகைச் சவுக்குக் கட்டைகள்மேல் உருட்டிக் கரையேற்றினார்கள். ஃபிட்டர் பாக்கியநாதன் உள்ளே தவழ்ந்தான். "ஆர்பர்ல நான் பாக்காத கப்பலா?" என்று பீற்றிக்கொள்பவன். பார்த்தது உண்மைதான், கரையிலிருந்து. ஸ்பேனர் போட்டுக் கழற்றியதும், டென்மார்க் தேசம் விட்டுச் சென்ற மிச்சமெல்லாம் அவன் முழங்கை வரை வழிந்தது. கறுப்பும் பச்சையுமாக, கொழகொழவென்று, உள்ளே ஏதோ சிப்பி வேறு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. கருவாட்டு மூட்டைக்குள் எலி செத்த நாற்றம்.

"த்தூ! இன்னாத்த துன்னானோ அந்த வெள்ளக்காரன்!"

படகு தள்ள வந்து வெளியே நின்ற மீனவன் திருமலை மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "இன்னா நைனா, இதுக்கா இம்மாம் பெரிய படகு? எங்களுக்கு ஏரிக்கரையே போதும்."

"வாய மூட்றா. தெறிச்சி உள்ளாற பூடப்போவுது."

"அசிங்கமா பேசாதீங்கப்பா" என்றார் ஆதிகேசவன், கைக்குட்டைக்குள்ளிருந்து. "அதுக்குப் பேரு மெரைன் டிஸ்சார்ஜ்."

பிறகு அவர் ஒரு பட்டுத்துணிப் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே கம்பெனியின் பூஜை மாடத்து வால்வு. கம்பெனி செய்த முதல் வால்வு அது. ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் பூசிப் பூசி, சந்தனமும் குங்குமமும் அதன்மேல் பொருக்காக ஏறியிருந்தன.

"நம்ம கம்பெனியோட மூத்த புள்ள. மகா ராசி. இதையே மாட்டு. அந்த ஆபீசருக்குக் காட்டணும்."

பாக்கியநாதன் விழித்தான். "மொதலாளி, சாமிக்கு வச்சத கக்கூஸ்லயா?"

"மெரைன் டிஸ்சார்ஜ்!"

"சரி மொதலாளி. சந்தனத்த சொரண்டிட்டு மாட்றேன்."

"சந்தனத்துல கை வச்சே, கை இருக்காது."

பாக்கியநாதன் ஏதோ சொல்ல வந்து விழுங்கினான். ஃபோர்மேன் வேலை காலியாக இருந்தது. அவர் சாமி, அவர் கக்கூஸ். மாதா கோயிலுக்குப் போகிறவனுக்கு நடுவில் என்ன வேலை? கசிவடைக்கச் சணலும் வெள்ளை லெட் பசையும் சுற்றி, வால்வை முறுக்கி உட்கார வைத்தான். ராணியைத் தண்ணீரில் இறக்கினார்கள். ஒரு சொட்டுக் கசிவில்லை. ஆதிகேசவன் ஓட்டையைப் பார்த்துக் கும்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அதிகாரி வந்தார். பம்பாய் மாதுங்காவில் வளர்ந்த தமிழர். வெள்ளை வெளேரென்று கால்சட்டை. பாய் பிடிக்கத் திருமலையும், கைவேலைக்குப் பாக்கியநாதனும் படகில் இருந்தார்கள். பழங்காலத்துக் கடற்படைகளில் பேச்சைத் தொடங்கிய ஆதிகேசவன், தம் வால்வுக்கு வந்து சேர்வதற்குள் அதிகாரி இறால் வறுவல் இரண்டு தட்டு முடித்திருந்தார். நடு ஏரியில் அவர் முகம் மாறியது. பாத்ரூம் எங்கே என்றார். ஆதிகேசவனுக்கு ஆனந்தம். "போய் வாங்க சார். அதுல இருக்கறது நம்ம வால்வுதான்!"

உள்ளே பம்பு அடிக்கும் சத்தம் கேட்டது. ஒரு முறை. இன்னொரு முறை, அழுத்தி. உப்புத் தண்ணீரில் ஊறிய சந்தனம் அதற்குமேல் தாங்கவில்லை. வால்வின் வயிற்றில் அது இத்தனை நாள் அடைத்திருந்த ஊசித்துளை திறந்துகொண்டது. சற்றுமுன் இறாலாக இருந்தது, வந்த வேகத்தில் வெள்ளைக் கால்சட்டைமேல் பீய்ச்சியது.

அதிகாரி கதவைத் திறந்தார். முழங்காலிலிருந்து சொட்டியது. சந்தன வாசனையும் சேர்ந்து வந்ததுதான் கொடுமை. திருமலை படகோரமாகத் திரும்பி ஓங்கரித்தான்.

"இந்த வால்வை டெஸ்ட் பண்ணீங்களா, இல்லையா?"

"ஒவ்வொரு வால்வையும் டெஸ்ட் பண்ணுவோம் சார்!" ஆதிகேசவன் நெஞ்சை நிமிர்த்தினார். "கேளுங்க, இவன் கடைஞ்சதுதான். சொல்லுடா!"

பாக்கியநாதன் முதலாளியைப் பார்த்தான், கால்சட்டையைப் பார்த்தான். மூக்கிலிருந்து கையை எடுத்தான்.

"டெஸ்ட் பண்ணோம் சார். ஒழுகுச்சி. விக்க முடியாதுன்னுதான் மொதலாளி சாமிக்கு வச்சாரு."

ஏரியில் காற்று நின்றுவிட்டது; படகு ஊர்ந்தது. கரை சேரும்வரை யாரும் மூச்சை ஆழமாக இழுக்கவில்லை. படகில் மாற்றுத் துணி வைத்திருந்தவன் திருமலை ஒருவன்தான். அதிகாரி அவனுடைய கட்டம் போட்ட லுங்கியைக் கட்டிக்கொண்டு காரில் ஏறினார்.

பம்பாயிலிருந்து ஆர்டர் வரவில்லை. லுங்கி வந்தது, பார்சலில். துவைத்திருக்கவில்லை.