நின்ற வண்டியின் பிரேக் ஆயில்

ஆஸ்பத்திரிப் போர்வைக்குள் அவள் கணவருடைய வலது கால் மறுபடியும் மிதித்தது. கட்டில் கம்பியில் இடித்துக்கொள்ளாமல் இருக்க அவள் தன் உள்ளங்கையைக் கொடுத்தாள். மிதித்தார், எடுத்தார், மிதித்தார்.

"நான் எதை மிதிச்சேன்?" என்றார். காலையிலிருந்து இது எத்தனையாவது தடவையோ.

"பேசாதீங்க. மூச்சு வாங்குது பாருங்க."

"பெடல் அடிவரைக்கும் போச்சு. பஞ்சுல கால வச்ச மாதிரி. பிரேக் அப்படிப் போகாது, கிளச்தான் போகும்." கண்ணை மூடிக்கொண்டார். "பிரேக்னு நெனச்சு கிளச்ச மிதிச்சிருக்கேன். முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டினவன் பண்ற வேலையா இது?"

பாவம், அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. அவர் ஓட்டிய பஸ்களுக்கெல்லாம் காற்று பிரேக். எண்ணெயால் பிடிக்கிற பிரேக், நீண்ட இறக்கத்தில் சூடேறி, எண்ணெய் கொதித்துக் குமிழிவிட்டால் பெடலை அப்படியே கீழே விட்டுவிடும் என்பது அவர் கால் அறியாத சங்கதி.

அவள் அறிவாள். மெக்கானிக் சொல்லியிருந்தான்.

கட்டில், அடுப்பு, குழாய் எல்லாம் உள்ளேயே இருக்கிற அந்தப் பெரிய வேனை, அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு வாங்கினார்கள். ஓட்டுவது அவர் பாடு, சர்வீசுக்கு விடுவது அவள் பாடு என்று பிரித்துக்கொண்டார்கள்.

"அக்கா, பிரேக் ஆயில் ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் மாத்திடணும்," என்றான் மெக்கானிக். "ஓடினாலும் சரி, ஓடாட்டியும் சரி. அது காத்துல இருக்கிற ஈரத்தக் குடிச்சுக்கிட்டே இருக்கும். ஈரம் சேந்தா சூட்டுல சீக்கிரம் கொதிச்சுடும்."

"வருஷத்துக்கு ரெண்டு தடவை வெளிய போறோம். நின்ன வண்டிக்கு எதுக்குப்பா? அது என்ன பாலா, திரிஞ்சு போக?"

அவனும் சிரித்துவிட்டான். அந்த உயர வண்டியைத் தூக்க அவனிடம்தான் வசதி இருந்தது; கூலி, காருக்கு ஆவதைப்போல மூன்று மடங்கு. "அத மட்டும் விட்டுடு," என்றாள். மிச்சம் பிடித்ததில் வேன் ஜன்னல்களுக்குப் பூப்போட்ட திரை தைத்துப் போட்டாள். அடுத்த முறையும் அதே பேச்சு, அதற்கடுத்த முறையும். வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்டால், "எல்லாம் பாத்தாச்சு," என்பாள்.

இன்று காலை மலை இறக்கத்தின் கடைசி வளைவில், வேறு வழியில்லாமல், அவர் தன் பக்கத்தைப் பாறையில் உரசவிட்டு வண்டியை நிறுத்தினார். அவள் பக்கத்துக் கண்ணாடிகூட விரிசல் விடவில்லை.

பொழுது சாயும்வரை தாங்கினால் பெரிது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். மகள் டாக்டரிடம் இன்னொரு தடவை கெஞ்சிப் பார்க்கப் போயிருந்தாள். சொல்வதென்றால் இப்போதுதான். சொல்லாவிட்டால் இந்த மனிதர் தன் காலைச் சபித்துக்கொண்டே போய்விடுவார்.

"என்னங்க, கேக்குதா? நீங்க பிரேக்கத்தான் மிதிச்சீங்க."

கண் திறந்தது.

"அதுதான் பிடிக்கல. ஆயில் மாத்தவே இல்ல. அவன் சொன்னான், நான்தான் வேணாம்னேன். உங்ககிட்ட பொய் சொன்னேன்."

உள்ளங்கையில் கால் அசையாமல் நின்றது.

"எத்தன வருஷமா?"

"வாங்கின நாள்லேருந்து. ஆறு வருஷம்."

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தார்.

"திரை நல்லாத்தான் இருந்துச்சு," என்றார்.

"திட்டுங்களேன்." அவள் தலைமாட்டுக்கு நகர்ந்து அவர் கையைப் பற்றினாள். "ரெண்டு வார்த்தை திட்டிட்டாவது போங்களேன்."

மகள் உள்ளே ஓடிவந்தாள். "அப்பா, எப்படிப்பா இப்படி ஆச்சு? உங்களுக்கா?"

"கிளச்ச மிதிச்சிட்டேன்மா," என்றார் அவர், நிதானமாக. "வயசாயிடுச்சுல்ல."

அவள் வாயெடுத்தாள். அவர் அவளுடைய விரல்களை இறுக்கிப் பிடித்தார், பேசாதே என்பதுபோல. அரைமணி கழித்து அந்தப் பிடி தானாக விட்டது.

தாழ்வாரத்துக்கு மெக்கானிக் வந்துவிட்டிருந்தான், கைக்கரியைக் கழுவக்கூட நேரமில்லாமல். மகள் அழுகைக்கிடையே அவனிடம் கிளச்சைப் பற்றிச் சொன்னாள். அவன் அவள் அம்மாவை ஒருமுறை பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். "ஆமாம்மா. வயசானா கால் தடுமாறத்தான் செய்யும்."

அவனும் மூடி மறைத்துவிட்டான். இனி அவள் வாயைத் திறக்காவிட்டால் போதும்.

ஆஸ்பத்திரி வாசலிலிருந்த போலீஸ் அறையில், மேசைக்குப் பின்னாலிருந்த போலீஸ்காரர் எழுதி முடித்ததை வாசித்தார். "கிளச்சை பிரேக் என்று நினைத்து மிதித்ததால், ஓட்டுநரின் கவனக்குறைவால்... இங்க ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா."

"இது தப்புங்க," என்றாள். "அவர் பிரேக்கத்தான் மிதிச்சார்."

"உங்க பொண்ணு அப்படிச் சொல்லலையே."

"அவளுக்குத் தெரியாது."

"அக்கா, வேணாம்," என்றான் மெக்கானிக், தாழ்ந்த குரலில். "அண்ணனே அப்படிச் சொல்லிட்டுப் போயிட்டாரு."

"நீ சும்மா இருப்பா."

மகள் கண்ணைத் துடைப்பதை நிறுத்திவிட்டு அம்மாவையே பார்த்தாள்.

"மாத்தணும்னா மொத்தமும் வேற தாள்லதான் எழுதணும். நேரமாகும்மா," என்றார் போலீஸ்காரர்.

"எழுதுங்க. நான் மெதுவாச் சொல்றேன்."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். போலீஸ்காரர் இழுப்பறையைத் திறந்து இரண்டு வெள்ளைத்தாள் எடுத்தார். இடையில் வைக்கவேண்டிய கார்பன் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, மைப்பக்கம் எது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்.