சுவரை நக்கிய எலிகள்

1964 ஜனவரி பதினெட்டு, சனிக்கிழமை காலை எட்டு இருபதுக்குக் கடலூர் பாசஞ்சர் சிதம்பரத்துக்குள் நுழைந்தது. வண்டி நிற்பதற்கு முன்பே ஆய்வு மாணவி தில்லையம்மாள் இறங்கினாள்.

மாலை நான்கு மணிக்குப் பேராசிரியர் கோவிந்தசாமி கல்லூரி ஆய்வுக்கூடத்துக்கு வருவார். அதற்குள் அவள் சொன்னது நிரூபணமாக வேண்டும். இல்லாவிட்டால் அவளுடைய ஆராய்ச்சித் தலைப்பு போய்விடும். மாற்றுத் தலைப்பை அவர் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார்: நண்டுக் கால்களின் நீளம்.

அவள் சொன்னது இவ்வளவுதான். உணவில் கால்சியம் குறைந்தால் குடல் சும்மா இருப்பதில்லை. அதன் உட்சுவர் செல்கள் கிடைக்கிற கொஞ்சத்தை முன்னைவிட வலுவாக இழுக்கின்றன. வெளிநாட்டில் எலிகளிடம் இதைப் பார்த்திருக்கிறார்கள். அது வெளிநாட்டு எலி என்றார் கோவிந்தசாமி. "கொடல் ஒரு சல்லடைம்மா. விழறது விழும்."

வழக்கமான தீனி தின்ற எலிகளைப் பொங்கல் விடுமுறைக்கு முன்பே பார்த்து முடித்திருந்தாள். மீதி ஆறு எலிகள் நான்கு வாரமாகக் கால்சியம் இல்லாத தீனியில் இருந்தன. இன்று அவற்றின் முறை.

எலியை மயக்கி, சிறுகுடலின் தொடக்கத்தில் விரல் நீளம் வெட்டினாள். கண்ணாடிக் குச்சியில் மாட்டி, தலையணை உறையைத் திருப்புவதுபோல உட்புறம் வெளியே வரத் திருப்பினாள். இரு முனைகளையும் நூலால் கட்டினாள். ஒரு சின்னப் பை. பைக்குள்ளும் வெளியிலும் ஒரே அளவு கால்சியம் கலந்த நீர். வெதுவெதுப்பில் ஒரு மணி நேரம். செல்கள் இழுத்தால் உள்ளே கால்சியம் ஏறும். பைக்குள் இருக்கும் நீரில் சாயம் கலந்து, இளஞ்சிவப்பு ஊதாவாகும்வரை சொட்டுச் சொட்டாக மருந்து விட்டு அளக்க வேண்டும்.

மூன்று எலிகளைச் சேர்த்துச் செய்தாள்.

முதல் பையில் வெளியே இருந்ததைப்போல இரண்டு மடங்கு. வழக்கமான எலிகளின் கணக்கும் அதுதான்.

பக்கத்து மேசையில் கிள்ளைக் கடலோரத்திலிருந்து வந்த மீன்களை அறுத்துக்கொண்டிருந்த சக ஆய்வு மாணவன் அப்துல் ஹக் எட்டிப் பார்த்தான்.

"நண்டு நல்ல பிராணிங்க. பத்து காலு. காலுக்கு ஒரு வருஷம்னாலும் பத்து வருஷம் கவலையே இல்ல."

"உங்க மீனப் பாருங்க ஹக்."

"மீனுக்குக் கால் இல்லீங்களே. அதான் பொறாமையா இருக்கு."

இரண்டாவது பையில் நாலரை மடங்கு. அவள் மறுபடியும் அளந்தாள். நாலரை. ஹக் கத்தியைக் கீழே வைத்தான்.

மூன்றாவதில் மீண்டும் இரண்டு.

அவள் எழுந்து எலி அறைக்குப் போனாள். அறை பளீரென்று இருந்தது. சுவரோரம் ஒரு கூண்டு. அதிலிருந்த எலி கம்பிக்கு வெளியே மூக்கை நீட்டிச் சுவரை நக்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் காலியாக இருந்த இரண்டு கூண்டுகளுக்குப் பின்னால் வெள்ளை போய்க் காரை தெரிந்தது.

பணியாள் கொளஞ்சி துடைப்பத்தோடு வந்தார்.

"எப்ப வெள்ளையடிச்சீங்க?"

"போகிக்கு மூணு நாளு முன்னாடிம்மா. வருஷா வருஷம் அடிக்கிறதுதான்."

"கூண்ட யாரு சுவத்தோட ஒட்டி வச்சது?"

"நாந்தான். மூணு சுவத்தோரம், மூணு நடுமேசையில. பெருக்க எடம் வேணாமா?"

"சுண்ணாம்புன்னா கால்சியம். இதுங்களுக்கு அதுவே போவக்கூடாதுன்னு சொன்னேன்ல?"

"பால் குடுக்காதன்னீங்க, குடுக்கல. பொங்கலன்னிக்குப் பாவமா இருந்துச்சு, அப்பவும் ஒரு பருக்க போடல. சுவத்த நக்காதன்னு எலிகிட்ட நான் எப்படிம்மா சொல்றது?"

நான்கு வார உழைப்பும் வீண் என்று நினைத்தாள். அப்போது கூண்டுகளில் தொங்கிய எண் பொறித்த தகர வில்லைகளைப் பார்த்தாள். ஒன்றும் மூன்றும் சுவரோரம். இரண்டு நடுமேசை.

அவள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். நிறுத்த முடியவில்லை.

"ஹக் சாரு," கொளஞ்சி கதவருகே போய்க் கூப்பிட்டார். "அம்மாவுக்கு என்னமோ ஆயிடிச்சு."

ஹக் ஓடி வந்தான். அவள் சுவரைக் காட்டினாள்.

"நடுமேசை எலிக்கு இன்னும் பட்டினி. இழுக்குது. சுவத்தோர எலிக்கு எட்டு நாளா விருந்து. விட்டுடுச்சு. இறுக்கவும் தெரியுது ஹக், தளத்தவும் தெரியுது. நான் பாதிதான் கேட்டேன்."

ஹக் சுவரைப் பார்த்தான். எலியைப் பார்த்தான். பிறகு அவனும் தரையில் உட்கார்ந்தான். கொளஞ்சி இருவரையும் சுற்றிப் பெருக்கினார்.

நான்காவது எலி நடுமேசையுடையது. நாலேகால் மடங்கு.

கோவிந்தசாமி வந்தபோது இரண்டு எலிகள் மீதி. அவள் இரண்டு பைகளைக் கட்டி அவர் முன்னாலேயே நீரில் இறக்கினாள். எது எவ்வளவு இழுக்கும் என்று ஒரு தாளில் எழுதி, மடித்து, அவர் கையில் கொடுத்தாள்.

"முன்னாடியே எழுதுறது ஜோசியம்மா."

"ஆமா சார். ஒரு மணி நேரம் உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். ஹக் காப்பி வாங்கி வந்தான். கொளஞ்சி எதற்கென்று தெரியாமலேயே கைகட்டி நின்றார். ஒரு விரல் நீளம்கூட இல்லாத இரண்டு பைகளை நான்கு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அளக்கும்போது சொட்டுகளைக் கோவிந்தசாமியே எண்ணினார்; பத்துச் சொட்டு ஒரு மடங்கு. முதல் பை இருபதில் ஊதாவானது. இரண்டாவது இருபதில் மாறவில்லை. முப்பதிலும் மாறவில்லை. முப்பத்தைந்தில் அவர் எழுந்து நின்றார். நாற்பதில் குரல் உயர்ந்தது. நாற்பத்து மூன்றில் ஊதா.

தாளைப் பிரித்தார். 'சுவர், இரண்டு. மேசை, நான்குக்கு மேல்.'

"சுவர்னா?"

அழைத்துப்போய்க் காட்டினாள். அவர் வேட்டியை மடித்துக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். எலி நக்கிய இடத்தின் ஓரத்தை விரலால் தடவினார். விரல் நுனி வெள்ளையானது. அதை வெகுநேரம் பார்த்தார்.

"ஒரு நாள் நக்குனாலே கொடல் தளந்துடுமா தில்லையம்மா, இல்ல மூணு நாள் ஆவுமா?"