தையல் இருந்த இடம்

"தையல் நல்லாத்தான் இருக்கு. காலையில வந்தது பொய் வலியா இருக்கும்" என்றார் டாக்டர் நிருபா, நித்தியாவின் அடிவயிற்றில் ஸ்கேன் கருவியை நகர்த்தியபடி.

அருகில் நின்ற கணவன் சுகுமாரன் பெருமூச்சு விட்டான். நித்தியா விடவில்லை. ரவாங்கில் கையுறைத் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவள் அவள். மெலிந்த இடத்தைத் தேடுவதே ஆறு வருடப் பிழைப்பு.

"டாக்டர், அங்க தையலே கிடையாதே. எனக்கு சிசேரியன் ஆனதில்ல."

டாக்டரின் கை நின்றது. "கார்டுல அப்படித்தானே இருக்கு?"

சுகுமாரன் தலைகுனிந்தான். அவன் ஊருக்கு வந்த இடத்தில் வலி எடுத்ததால் நுழைந்த கோலசிலாங்கூர் கிளினிக் இது. கவுண்டரில் இருந்த லோகேஸ்வரி, அவன் பிறந்த தோட்டத்திலேயே வளர்ந்தவர். பிள்ளைக்குக் குறை என்று ஊர் பேசுமே என்று, "முன்னாடி ஒரு ஆப்பரேஷன்" என்று மட்டும் முணுமுணுத்திருந்தான். சிசேரியன் என்று அவர் தாமாக எழுதிக்கொண்டார்.

"ஆப்பரேஷன் இந்தப் பிள்ளைக்குத்தான் டாக்டர்" என்றாள் நித்தியா. "ஆறாம் மாசம் கர்ப்பப்பையத் திறந்து, அவன் முதுகுல இருந்த ஓட்டைய மூடுனாங்க. மூடலன்னா காலு வராதாம். வெட்டுனது மேல. கேஎல் ஆஸ்பத்திரில வாராவாரம் அங்கதான் பாப்பாங்க."

கருவி தொப்புளைத் தாண்டி ஏறியது. திரையில் தடித்த சாம்பல் சுவர் ஓரிடத்தில் மெலிந்து, வெறும் கோடாகியிருந்தது. டாக்டர் இரண்டு முறை அளந்தார்.

"போன வாரம் எவ்வளவு?"

"நாலு மில்லிமீட்டர்."

"இப்ப ஒன்னு கூட இல்ல."

"எங்க ஃபேக்டரின்னா ரிஜெக்ட் லா" என்றாள். சிரிப்பு பாதியில் நடுங்கியது.

"எழுந்திரிக்காதீங்க. மறுபடி வலி வந்தா கர்ப்பப்பை கிழிஞ்சிடும். இன்னிக்கே பிள்ளைய எடுக்கணும்." டாக்டர் கோலாலம்பூர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். "முப்பத்து நாலு வாரம்... இல்ல, நான் கண்டுபிடிக்கல. நான் தப்பான இடத்துல பாத்துட்டு இருந்தேன். பேஷண்ட்தான் காட்டுனாங்க."

ஆம்புலன்ஸ் வந்தது. காத்திருந்தவர்கள் நடுவே படுக்கையைத் தள்ளிப் போகையில் லோகேஸ்வரி ஓடி வந்தார்.

"ஏன்டா சுகு, என்ன ஆப்பரேஷன்னு வாயத் தொறந்து சொன்னா என்னவாம்?"

சுகுமாரன் நிமிர்ந்தான். கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னான்: "வயித்துக்குள்ள இருக்கிறப்பவே என் மகனுக்கு முதுகுல ஆப்பரேஷன்க்கா. அவன் காலு நல்லா வரணும்னு என் பொண்டாட்டி தன் வயித்தக் கிழிக்கக் குடுத்தா. இன்னிக்கு டாக்டருக்கே இடத்தக் காட்டுனவளும் அவதான்!"

யாரோ எழுந்து கதவை அகலத் திறந்து பிடித்தார்கள்.

வண்டிக்குள் நித்தியா வயிற்றின் மேற்புறம் உள்ளங்கையை விரித்திருந்தாள். அவன் தன் கையைப் பாரம் படாமல் அதன் மேல் வைத்தான். இரண்டு கைகளும் சட்டென்று அசைந்தன.

"காலு" என்றாள், மூச்சைப் பிடித்தபடி.

வெளியே செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள், சைரன் கேட்டு, ஒவ்வொன்றாக ஓரம் கட்டிக்கொண்டிருந்தன.